ஏற்காடு மலை இறங்கினாலே காது அடைக்கிறது, அந்தமானில் ஸ்கூபா முடியுமா?

சில்வர்ஓக்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு ஏற்காட்டில், வேலை சேலத்தில், தினமும் காலையில் பஸ்ஸில் இறங்கி சாயங்காலம் ஏறுகிறவள் நான். வருகிற பொங்கல் லீவோடு நாலு நாள் சேர்த்து அந்தமானுக்கு டிக்கெட் போட்டாயிற்று. நான், வீட்டுக்காரர், 11 வயதுப் பையன். பையன் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு ஸ்கூபா, அதாவது முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போயே தீருவேன் என்று நிற்கிறான், அவனைத் தனியாக அனுப்ப மனசு வராது என்பதால் நாங்களும் இறங்க வேண்டிய நிலை.

எனக்குப் பிரச்சினை காது. மலை ஏறும்போது ஒன்றுமே இல்லை, தானாகப் பொட்டு பொட்டென்று விட்டுவிடும். இறங்கும்போதுதான் பாதி வளைவு தாண்டுவதற்குள் இரண்டு காதும் அடைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் பேசுவது பானைக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கும். கோரிமேடு வந்து யாராவது ஒரு மிட்டாய் கொடுத்தால்தான் திறக்கும், சில நாள் ஆபீசுக்குப் போய் டீ குடிக்கும்வரை திறக்காது. பஸ்ஸுக்கே இப்படி என்றால் கடலுக்குள் என்ன ஆகும்?

இன்னும் சில சந்தேகங்கள். மூன்று பேருக்கும் நீச்சல் தெரியாது. ஆக்ஸிஜன் சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்? டூர் ஏஜென்ட், தேசியப் பூங்காவுக்கு உள்ளேயே ஸ்கூபா என்கிறார், அது நிஜமா? கடைசியாக, ஸ்கூபா செய்தபிறகு மலை ஏறக்கூடாது என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். வீடே மலைமேல் இருக்கும்போது நான் எங்கே போவது?

தறிச்சத்தம்:

அம்மாப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். மூன்று வருடம் முன்னால் அந்தமானில் ஹேவ்லாக் தீவில் நாலு நாள் ஸ்கூபா கோர்ஸ் முடித்தவன். அப்போது இதே பயத்தோடு போனவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அது ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லை. நாம் மூச்சு விடும் அதே காற்றைத்தான் வடிகட்டி, ஈரம் எடுத்து, ஏறக்குறைய 200 பார், அதாவது வெளிக்காற்றைப்போல் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். ஈரமில்லாத காற்று என்பதால் மேலே வரும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும், போவதற்கு முன் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் வரும் என்பது உங்கள் மூச்சைப் பொறுத்தது. பதறிப் பதறி இழுக்கிறவருக்குச் சீக்கிரம் தீரும். முதல் தடவைக்காரர்களை எப்படியும் அரைமணி நேரம் சுற்றிக் காட்டிவிட்டு மேலே கொண்டுவந்துவிடுவார்கள்.

இப்போது காது. உங்களுக்கு நல்ல சேதி என்னவென்றால், நீங்கள் தினமும் செய்வது டைவிங்தான், காற்றில் செய்கிறீர்கள். மேலே இருந்து கீழே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் கூடுகிறது, காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் உள்ள சின்னக் குழாய் திறந்து கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால்தான் செவிப்பறை சமமாக நிற்கும், இல்லையென்றால் உள்ளே அமுங்கும். ஏறும்போது உள்ளே உள்ள காற்று தானே கசிந்து வெளியேறும், அதனால் உங்களுக்குத் தெரிவதில்லை. இறங்கும்போது நாமாகத் திறந்துவிட வேண்டும். கடலிலும் அச்சு அசல் இதேதான்.

கெட்ட சேதி, அளவு. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கும்போது காதுமேல் கூடுகிற அழுத்தம் கடலில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக்கூட வராது. புரிகிறதா? முக்கால் மணி நேரத்தில் பஸ் செய்வதை, கடலில் நீங்கள் அரை நிமிஷத்தில் செய்துவிடுவீர்கள். அதனால் 'பார்த்துக்கொள்ளலாம், கீழே போனால் திறக்கும்' என்று விடக்கூடாது. வலி வந்த பிறகு ஊதினால் அந்தக் குழாய் அழுந்தி மூடிக்கொண்டிருக்கும், திறக்காது. வலி வருவதற்கு முன்னாலேயே, தலை தண்ணீருக்குள் போன நொடியிலேயே ஆரம்பித்து, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். மெல்ல என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், பலூன் ஊதுவதுபோல் இல்லை. சிலருக்கு எச்சில் விழுங்கினாலே போதும்.

இன்னொன்று, பலரும் ஆழம் போகப் போகத்தான் காது கஷ்டம் என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. தண்ணீருக்கு மேலே ஒரு மடங்கு அழுத்தம், 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று. அதாவது முதல் 10 மீட்டரில்தான் காற்று பாதியாகச் சுருங்குகிறது, பாடு முழுக்க அங்கேதான். அதைத் தாண்டிவிட்டால் போகப் போக எளிதாகிவிடும். நீங்கள் போகப்போவது பெரும்பாலும் அந்த முதல் 10 மீட்டருக்குள் என்பதுதான் வேடிக்கை, முதல்முறை டைவுக்கு 12 மீட்டர்தான் உச்சவரம்பு.

நீச்சல் தெரியாவிட்டாலும் அந்த ஒருமுறை டைவ் செய்யலாம், பயிற்றுநர் உங்களைப் பிடித்துக்கொண்டே வருவார். கோர்ஸ் செய்து சான்றிதழ் வாங்குவதென்றால்தான் 200 மீட்டர் நீச்சலும் 10 நிமிஷம் மிதப்பதும் கேட்பார்கள். பையனுக்கு 10 வயது முடிந்துவிட்டதால் தடை இல்லை.

மறந்துவிட்டேன், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டாதீர்கள். நமக்கு அது 'சூப்பர்', அங்கே அதற்கு 'என்னை மேலே கூட்டிப்போ' என்று அர்த்தம். நான் முதல் நாள் மீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலைக் காட்டி, இரண்டு நிமிஷத்தில் மேலே வந்து சேர்ந்தேன்.

கிணத்துத்தவளை:

தறிச்சத்தம் சொன்னதில் எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது, அக்கா. ஊர் வாழப்பாடிப் பக்கம். நீச்சல் எல்லாம் எங்களுக்குக் கிணற்றில்தான், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித் தள்ளிவிடுவார்கள், மூன்றாம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிட்டுத் தள்ளுவார்கள். ஐப்பசி மழை முடிந்து கிணறு நிரம்பியிருக்கும்போது ஒரு பந்தயம், அடி தொட்டதற்குச் சாட்சியாக ஒரு கைப்பிடி சேறு எடுத்துவர வேண்டும். இருபத்தைந்து அடித் தண்ணீர். எனக்கு அப்போது பதினாலு வயது. பாதியிலேயே காதில் ஊசி ஏற்றுவதுபோல் வலி, ஆனால் மேலே ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எப்படித் திரும்புவது? போனேன். அடியில் 'பட்' என்று ஒரு சத்தம், உடனே வலி நின்றுவிட்டது, குளிர்ந்த தண்ணீர் தலைக்குள் ஓடுவதுபோல் இருந்தது, எது மேலே எது கீழே என்று தெரியாமல் சுழன்றுவிட்டேன். எப்படி வந்தேன் என்று இன்றும் தெரியாது. ஆனால் கையில் சேறு இருந்தது!

செவிப்பறை கிழிந்துவிட்டது. வீட்டில் பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள், அது அதைவிடத் தப்பு, சேலத்தில் காது டாக்டர் அப்பாவைத் திட்டிய திட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு மாதத்தில் தானாக மூடிக்கொண்டது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இருபது வருடம் கழித்து அந்தமானில் அதே தப்பை மறுபடி செய்தேன். போவதற்கு முன் உடல்நலப் படிவம் ஒன்று கொடுப்பார்கள், ஆஸ்துமா உண்டா, இருதயக் கோளாறு உண்டா, காதில் ஆபரேஷன், அடிபட்டதா என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று போட்டேன், ஆமாம் என்றால் டாக்டர் சீட்டு கேட்டுப் பணம் போய்விடும் என்று. நான் போனது ஒரு சின்ன டைவிங் கடை, பெயர் வேண்டாம், காலையிலிருந்து வரிசையில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாலு மீட்டரில் இடது காது வலித்தது. பயிற்றுநர் சரியா என்று சைகையில் கேட்கிறார், நான் சரி என்று காட்டுகிறேன், பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்களே என்ற கூச்சம். அந்தத் தடவை கிழியவில்லை, ஆனால் உள்ளே ரத்தம் கட்டி ஒரு வாரம் பாதிதான் கேட்டது, மீதி டூர் முழுக்க 'ஆங்? என்ன?' என்று கேட்டுக்கொண்டே நடந்தேன்.

அதனால் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். ஒருவருக்கு ஒரு பயிற்றுநர் என்று இருக்கும் இடமாகப் பாருங்கள். வலித்தால் உள்ளங்கையை விரித்து அப்படியும் இப்படியும் ஆட்டி, பிறகு காதைத் தொட்டுக் காட்டுங்கள். அரை மீட்டர் மேலே வந்து மறுபடி முயற்சி, அப்போதும் திறக்கவில்லையா, வெளியே வந்துவிடுங்கள். சளி இருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு போகலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள், கீழே இருக்கும்போது மருந்து வேகம் தீர்ந்தால் மேலே வரும்போது உள்காற்று வெளியேற வழியில்லாமல் அதுவேறு வலிக்கும்.

வண்டூர்க்கரை:

ஆத்தூர்தான் எனக்குச் சொந்த ஊர், வேலைக்காகப் போர்ட் பிளேரில் இருக்கிறேன், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், ஆட்டோக்காரர் எவரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. தமிழ் தெரிந்தால் போதும், இங்கே நீங்கள் பிழைத்துக்கொள்ளலாம்.

ஏஜென்ட் இரண்டு இடத்தை ஒன்றாகக் குழப்புகிறார். நீங்கள் சொல்லும் தேசியப் பூங்கா, மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா. 1983இல் அறிவித்தது, சுமார் 280 சதுர கிலோமீட்டர், 15 தீவுகள், நகரத்திலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி வண்டூர் என்ற ஊரில் படகு ஏற வேண்டும். அங்கே போகிறவர்கள் பார்ப்பது ஜாலிபாய் தீவு அல்லது ரெட்ஸ்கின் தீவு, இரண்டில் ஒன்று. இரண்டையும் ஒரே சமயம் திறக்கமாட்டார்கள். மழைக்காலத்தில் ரெட்ஸ்கின், மழை விட்டபிறகு மே வரை ஜாலிபாய், அப்போது மற்றது ஆறிக்கொள்ளும். ஜனவரியில் உங்களுக்கு ஜாலிபாய். அங்கே கண்ணாடி அடிப்பலகை வைத்த படகும், குழாய் வைத்து மேலே மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்கலிங்கும்தான். ஸ்கூபாவுக்குப் பெரும்பாலும் ஹேவ்லாக் அல்லது நீல் தீவுக்குத்தான் போவார்கள், புதுப் பெயரில் ஸ்வராஜ் தீவு, ஷாகித் தீவு என்று டிக்கெட்டில் இருக்கும். ஹேவ்லாக் தேசியப் பூங்காவுக்குள் வராது.

வனத்துறை அனுமதிச்சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும், வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும், எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு திட்டம் போடுங்கள். பிளாஸ்டிக் ஒன்றும் உள்ளே போகாது. படகு ஏறும் இடத்திலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள், பிஸ்கட் பாக்கெட் உறைகூட நிற்கும், தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் கட்டிவிட்டுத் திரும்பக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். சிலர் முணுமுணுப்பார்கள். நம்ம ஏற்காடு ஏரிக்கரையில் ஞாயிறு சாயங்காலம் கிடக்கும் குப்பையைத் தினமும் பார்க்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பையனிடம் ஒன்று சொல்லி வையுங்கள், சிப்பியோ சங்கோ பவளத் துண்டோ, கரையில் செத்துக் கிடந்தாலும் பையில் போடக்கூடாது. பவளம் வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமான முதல் அட்டவணையில் இருக்கிறது, கடல் அட்டையும் அப்படித்தான். ஏர்போர்ட்டில் ஸ்கேன் செய்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம்.

பவளம் கல் இல்லை, செடியும் இல்லை, உயிர். அரிசி அளவு, பட்டாணி அளவு பிராணிகள் லட்சக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கட்டும் சுண்ணாம்பு வீடு. உடம்புக்குள் ஒரு வகைப் பாசியை வாடகைக்கு வைத்திருக்கும், நிறமும் சாப்பாட்டில் பெரும்பகுதியும் அந்தப் பாசி தருவது. கடல் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி சில வாரம் அப்படியே நின்றால் பாசியை வெளியே துப்பிவிட்டு வெள்ளையாகிவிடும். 2010இல் அந்தமானில் அப்படிப் பெரிய அளவில் வெளுத்தது, 2016இலும் அடி. உருண்டையாக வளரும் வகை வருடத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். உங்கள் கால் செருப்பு இடித்து உடைப்பது, உங்கள் பாட்டி பிறந்த வருடத்தில் முளைத்ததாக இருக்கலாம். ஆகவே அடியில் நிற்கவே நிற்காதீர்கள், எதையும் பிடித்துக்கொள்ளாதீர்கள். அதில் உங்களுக்கும் நன்மை உண்டு, கல்மீன் என்று ஒன்று பாறையோடு பாறையாகக் கிடக்கும், முதுகு முள்ளில் கடும் விஷம்.

வண்டூர்க் கரையில் முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், பலகையை மதித்து வலைக்கு உள்பக்கம் குளித்தால் போதும். உப்புநீர் முதலை இங்கே உண்டு, அது வேடிக்கை இல்லை.

ஐந்துரோடு:

எதற்கு இவ்வளவு செலவு? சேலத்திலிருந்து 400 கிலோமீட்டரில் நம்ம மன்னார் வளைகுடா இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவு, 1986லேயே தேசியப் பூங்கா. பவளம், ஆமை, ஆவுளியா என்கிற கடல்பசு எல்லாம் உண்டு. காரில் போய் இறங்கிவிட்டு ராத்திரியே வீட்டுக்கு வந்துவிடலாம்.

வண்டூர்க்கரை:

ஐந்துரோடு, இடம் அருமை, ஒத்துக்கொள்கிறேன். அந்த 21இல் இரண்டு தீவு கடலுக்குள்ளேயே போய்விட்டது, பவளத்தைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்த காலத்தின் பலன் அது. ஆனால் ஆவுளியாவை ஏதோ வண்டலூரில் பார்ப்பதுபோல் சொல்லாதீர்கள், அதைப் பார்த்த மீனவரே அபூர்வம். அதற்காகத்தான் 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைத் தனிக் காப்பகமாக அறிவித்தார்கள். அந்தமானுக்கும் அதுதான் மாநில விலங்கு, இத்தனை வருடத்தில் நான் பார்த்தது போஸ்டரில்.

தறிச்சத்தம்:

ராத்திரியே வீட்டுக்கு வந்துவிடலாம் என்றீர்களே, அங்கேதான் சில்வர்ஓக் மேடத்தின் கடைசிக் கேள்வி இருக்கிறது. அதற்கு நானும் பதில் சொல்ல விட்டுவிட்டேன்.

ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்திலும் சதையிலும் கரையும். மேலே வந்தபிறகு மெதுவாக மூச்சு வழியே வெளியேறும். அது வெளியேறி முடிவதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் உடம்புக்குள் குமிழி கட்டும், மூட்டுவலியில் ஆரம்பித்து பக்கவாதம் வரை போகலாம். அதனால்தான் விமானத்துக்கு முன் இடைவெளி கேட்கிறார்கள். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி. அங்கே பல கடைகளில் கையோடு 24 மணி நேரம் என்றே சொல்லிவிடுவார்கள், அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் மலைக்குச் சமமாக இருக்கும். ஏற்காடு 1,500தான். ஆக, விமானம் ஏறுவதற்கே காத்திருந்துவிட்டு வந்தீர்கள் என்றால் வீட்டுக்குப் போவதில் ஒரு கவலையும் இல்லை. உங்கள் ஆபீஸ்காரர் சொன்னது பொய்யில்லை, இடம்தான் மாறிவிட்டது. மதியம் ராமேஸ்வரத்துப் பக்கம் டைவ் செய்துவிட்டு காரை எடுத்து எட்டு மணி நேரத்தில் நேரே ஏற்காடு ஏறுகிறவருக்குத்தான் அது ஆபத்து, நடுவில் விமானம் இல்லாததால் யாரும் எச்சரிக்கவும் மாட்டார்கள். கொடைக்கானல், ஊட்டிக்காரர்களுக்கும் இதுவே. அப்படிப் போனால் ஒரு ராத்திரி கீழேயே, சேலத்திலேயே தங்கிவிட்டு ஏறுங்கள்.

அந்தமானில் வரிசையை இப்படி வையுங்கள். போனதும் முதலில் ஹேவ்லாக், அங்கே டைவ். கடைசி நாளைக்கு ஜாலிபாய். மிதந்து பார்ப்பதற்கும் விமானத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஐந்துரோடு:

சரி சரி, வாபஸ். நான் இருப்பது தரையில், எனக்கு இது தோன்றவே இல்லை.

சில்வர்ஓக்:

அனைவருக்கும் நன்றி. கிணத்துத்தவளை தம்பி, உங்கள் கதையை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார், 'எனக்கு மலையில் ஒருநாளும் காது அடைத்ததில்லை, நான் நேராகத் தரைக்கே போய்விடுவேன்' என்கிறார். நாளையிலிருந்து பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிப் பழகலாம் என்று இருக்கிறேன். இது உதவுமா?

கிணத்துத்தவளை:

கட்டாயம் உதவும் அக்கா, எந்தக் காது முதலில் திறக்கிறது, எது அடம்பிடிக்கிறது என்றாவது தெரிந்துவிடும். அடம்பிடிக்கும் காது மேலே பார்க்கும்படி தலையைச் சாய்த்து ஊதிப் பாருங்கள். முக்கியமாக ஒன்று, தண்ணீருக்குள் மூச்சை அடக்கவே கூடாது. நீச்சல்காரனுக்கு அது பழக்கதோஷம், உங்களுக்கு நீச்சல் தெரியாததே நல்லது. அடக்கிக்கொண்டு மேலே வந்தால் உள்ளே உள்ள காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும்.

சில்வர்ஓக்:

போன வாரம் திரும்பி வந்தோம். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவள் என்ற பெயர் வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு மாதம் பஸ்ஸில் பழகினேன். கண்டக்டர் இரண்டாம் நாளே 'என்னம்மா, யாராவது வாந்தி எடுத்துட்டாங்களா' என்று கேட்டார். வலது காது மிட்டாய் இல்லாமலே திறக்கிறது. இடதுதான் பிகு பண்ணும், தலையைச் சாய்த்தால் வழிக்கு வரும். இது தெரிந்துகொண்டு போனதே பாதி தைரியம்.

ஹேவ்லாக்கில் ஒருவருக்கு ஒருவர் என்று சொன்ன இடத்தில் பதிவு செய்தோம். கழுத்தளவுத் தண்ணீரில் முதலில் ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டர் காற்று வரும் வாய்க்கருவியைக் கடித்து மூச்சு விடவும், மாஸ்க்குக்குள் வந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றவும் பழக்கினார்கள், எனக்கு அதுதான் பெரிய கண்டம், மூன்று தடவை உப்புத்தண்ணீர் குடித்தேன். அப்புறம் இறங்கினோம். இரண்டு மீட்டரில் இடது காது. கையை ஆட்டிக் காட்டினேன். அவர் பதறாமல் என்னை அரை மீட்டர் மேலே தூக்கி நிறுத்திக் காத்திருந்தார். சாய்த்து ஊதினேன், துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் ஒரு கிரீச், திறந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாண் இறக்கத்துக்கும் ஊதி ஊதியே எட்டு மீட்டர் வரை போய்விட்டேன்!

வீட்டுக்காரரைக் கேட்கிறீர்களா? கப்பலில் ஏசியில் உட்கார்ந்து சளி பிடித்திருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்று தடவை முயன்றார், மூன்று மீட்டரைத் தாண்டவில்லை, பயிற்றுநர் கட்டைவிரலைக் காட்டி மேலே கூட்டிப்போய்விட்டார். கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, மலைக்காதைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு பேசவில்லை. மூன்று நாளில் சளி விட்டு, ஜாலிபாயில் மிதந்து பார்த்தார். அதுவே அவருக்குப் போதும் என்றார். அங்கே ஒரு பெரிய சிப்பி, நம் வீட்டு முறம் அளவு இருக்கும், திறந்த வாயில் நீலமும் பச்சையுமாக வெல்வெட் துணி மடித்து வைத்ததுபோல் சதை, இவர் நிழல் மேலே விழுந்ததும் மெல்ல மூடிக்கொண்டதாம். ஊர் வந்தும் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

நான் பார்த்ததில் ஒன்று சொல்கிறேன். எட்டு மீட்டரில் எல்லாமே நீலம் பூத்திருக்கிறது. என் நகத்தில் போட்டிருந்த மருதாணி கரும்பழுப்பாகத் தெரிந்தது, சிவப்பு நிறத்தைத் தண்ணீர் மேலேயே வடிகட்டிவிடுமாம். பயிற்றுநர் டார்ச் அடித்ததும் அதே நகம் திடீரென்று சிவந்தது, பக்கத்தில் சாம்பல் என்று நினைத்த பாறையும் செக்கச் செவேலென்று எரிந்தது. டார்ச்சை அணைத்தால் மறுபடி சாம்பல். கடல் சாமந்தி என்கிற பூப்போன்ற பிராணிக்குள் கோமாளி மீன் குடும்பம் ஒன்று, அதில் பெரியதுதான் அம்மாவாம், அம்மா செத்துப்போனால் அப்பா மீனே பெண்ணாக மாறிவிடும் என்று மேலே வந்தபிறகு சொன்னார்கள். என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத மீன் ஒன்று, என் மாஸ்க்குக்கு நேராக வந்து முட்டிவிட்டுப் போனது, வாசலில் நின்று 'யாரு, என்ன வேணும்' என்று கேட்பதுபோல.

அப்புறம் சத்தம். கடலுக்குள் நிசப்தம் என்று நினைத்திருந்தேன். என் மூச்சுக் குமிழி ஒருபக்கம், அதைத் தாண்டி 'கறுக் கறுக்' என்று எங்கேயோ யாரோ செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் கடிப்பதுபோல் விடாமல் கேட்டது. பார்த்தால் கிளிமீன் கூட்டம், பவளத்தில் ஒட்டிய பாசியைப் பாறையோடு சேர்த்துக் கடித்துத் தின்கிறது. தின்ற சுண்ணாம்பை அரைத்துப் பின்பக்கம் வெள்ளைப் புகையாக விடுகிறது, அந்தக் கரை மணலில் பெரும்பகுதி அப்படி வந்ததுதானாம்.

இதை மட்டும் பையனிடம் சொல்லியிருக்கக் கூடாது. அந்தமான் பீச் போட்டோவை யார் காட்டினாலும் 'இது முழுக்க மீன் ஆய்' என்று ஆரம்பித்துவிடுகிறான், கிளாஸ் டீச்சரிடமிருந்து போன் வந்துவிட்டது. போட்டோ எங்கே என்று கேட்பீர்கள். நாற்பது படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், முப்பத்தெட்டில் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மற்ற இரண்டில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன், எத்தனை சொல்லியும்.